கஸ்தூரிபாவிடம் கேட்டார்களா?

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி என் மனைவிக்கு வயிறு வலித்தது. சாயங்காலம் சாப்பிட்ட பரோட்டாதான் காரணம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவுகட்டி ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்தோம். பன்னிரண்டு மணிக்கு மேல் வலது தோள்பட்டை வலிக்கிறது என்றாள். வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் போனில் தேடிக்கொண்டிருக்கும்போதே பாத்ரூம் வாசலில் சரிந்து விழுந்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார்: கரு கர்ப்பப்பைக்குள் போகாமல் குழாயிலேயே தங்கியிருக்கிறது, குழாய் வெடித்துவிட்டது, வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்த ரத்தம் மேலே உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியுமாம். அவள் கர்ப்பமாக இருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

ஒரு நர்ஸ் நாலு பக்கப் படிவத்தை நீட்டினார். எதையும் படிக்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். சாஃப்ட்வேர் நிறுவும்போது வரும் ஒப்பந்தத்தில் 'சம்மதம்' என்று அழுத்திப் பழகிய கை. எங்களோடு தங்கியிருந்த மாமியார் பக்கத்தில் வந்து, "மாப்ள, ஒரு ரூவா காசு இருக்கா?" என்றார். சமயபுரத்தாளுக்கு முடிஞ்சு வைக்க. என்னிடம் காசு இல்லை, எல்லாம் ஜிபேதான். கடைசியில் வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் தன் சட்டைப் பையைத் துழாவி ஒரு ரூபாய் கொடுத்தார். மஞ்சள் துணிக்கு எங்கே போவது? அத்தை என் கைக்குட்டையின் ஓரத்திலேயே முடிந்துகொண்டார், மஞ்சளை வீட்டுக்குப் போய்த் தடவிக்கொள்ளலாம் என்று. கடவுள் இல்லை என்று காலேஜில் மேடைபோட்டுப் பேசியவன் நான். அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தக் கைக்குட்டை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு ஏதோ முனகியது. என்ன முனகியது என்று இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள். இரண்டு யூனிட் ரத்தம். பிழைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள், எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "தியேட்டருக்குள்ள போற வரைக்கும் நான் முழிச்சுட்டுதான இருந்தேன்? எடுக்கப் போறாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நேரம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாமியாருக்குக் காசு தேட எனக்கு நேரம் இருந்தது.

அந்தக் கேள்விதான் என்னைச் 'சத்திய சோதனை'க்குத் திரும்ப அனுப்பியது. ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப் போட்டிப் பரிசாகக் கிடைத்த புத்தகம். கஸ்தூரிபா என்ற பெயரே எனக்கு முதலில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பெயராகத்தான் அறிமுகம். நான் பிறந்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். 1885-இல் தொடங்கிய அதன் போர்டில் இப்போது இருப்பது கஸ்தூரிபா காந்தியின் பெயர். ஆட்டோக்காரர்களுக்கு இன்றைக்கும் கோஷாதான். பெயருக்குரியவர் எப்படிப்பட்ட நோயாளியாக இருந்தார் என்று நான் யோசித்ததே இல்லை.

*

1908 நவம்பர். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்களின் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருக்கிறது. காந்தி ஃபோக்ஸ்ரஸ்ட் சிறையில், இரண்டு மாதக் கடுங்காவலில். டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து அவருடைய சகா ஆல்பர்ட் வெஸ்ட் தந்தி அடிக்கிறார்: கஸ்தூரிபாவுக்குக் கடுமையான உதிரப்போக்கு, நிலைமை மோசம். அபராதத்தைக் கட்டினால் காந்தி வெளியே வந்துவிடலாம். அவர் கட்டவில்லை. நவம்பர் 9 அன்று மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்.

அதை முதல்முறை படித்தபோது கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நெஞ்சு அறுகிறது, ஆனாலும் வர முடியாது என்கிறார். தைரியமாக இரு, சாப்பிடு, பிழைத்துவிடுவாய் என்கிறார். அப்படியே இறக்க நேர்ந்தாலும் தன்னைப் பொறுத்தவரை நீ உயிரோடுதான் இருப்பாய், ஆன்மாவுக்கு அழிவில்லை, நான் மறுமணம் செய்துகொள்ள மாட்டேன் என்கிறார். உன் மரணமும் சத்தியாக்கிரகத்துக்கான ஒரு பலிதான் என்றும் சொல்கிறார். ரத்தம் போய்ப் படுத்திருக்கும் 39 வயதுப் பெண்ணுக்கு, நான்கு பிள்ளைகளின் தாய்க்கு, இப்படி ஒரு கடிதம். அன்பு இல்லை என்று சொல்லவே முடியாது, வரிக்கு வரி இருக்கிறது. ஆனால் அவளுடைய சாவுக்கான அர்த்தத்தை அவரே எழுதி முடித்துவிட்டார். அவள் இன்னும் சாகவில்லை.

சாகவும் இல்லை. டிசம்பரில் காந்தி விடுதலையானார். 1909 ஜனவரியில் டர்பனில் ஒரு மருத்துவ நண்பர் கஸ்தூரிபாவுக்கு அறுவை செய்தார். உடம்பு அவ்வளவு மெலிந்திருந்ததால் குளோரோஃபார்ம் கொடுக்கவில்லை. மயக்க மருந்து இல்லாமல் அறுவை! முதலில் தயங்கி, பிறகு சம்மதித்தவர் கஸ்தூரிபாதான். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, டாக்டரும் அவர் மனைவியும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள், காந்தி ஜோஹானஸ்பர்க்குக்குக் கிளம்பிப் போனார்.

சில நாட்களில் நிலைமை திரும்பியது. எழுந்து உட்கார முடியவில்லை, ஒருமுறை நினைவும் தப்பியது. டாக்டர் ஜோஹானஸ்பர்க்குக்குத் தொலைபேசியில் கேட்கிறார்: பீஃப் டீ கொடுக்கட்டுமா? மாட்டிறைச்சியைக் கொதிக்கவைத்து இறுத்த சாறு அது. அந்தக் காலத்து ஆங்கிலேய வைத்தியத்தில் நோயாளிக்கு முதலில் நீட்டப்படும் கிண்ணம். நம்மூரில் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி மாதிரி.

காந்தியின் பதிலை நான் பலமுறை திரும்பப் படித்தேன். என்னால் அனுமதி தர முடியாது, ஆனால் அவளிடம் கேளுங்கள், அவள் விருப்பப்படி செய்யலாம் என்கிறார். டாக்டர் மறுக்கிறார். நோயாளியிடம் கேட்கும் வழக்கமே தனக்கு இல்லை. நீங்கள் வாருங்கள், இல்லையென்றால் உயிருக்கு நான் பொறுப்பில்லை. காந்தி அன்றே ரயில் ஏறி டர்பனுக்கு வருகிறார். வந்ததும் டாக்டர் அமைதியாக உண்மையைச் சொல்கிறார்: தொலைபேசியில் கேட்பதற்கு முன்பே பீஃப் டீ கொடுத்தாகிவிட்டது. இது மோசடி என்கிறார் காந்தி. உயிரைக் காப்பாற்ற நோயாளியையோ வீட்டாரையோ ஏமாற்றுவது எங்கள் தொழிலில் புண்ணியம் என்கிறார் டாக்டர்.

இந்தக் கதையை நாம் வழக்கமாக எப்படிப் படிப்போம்? ஒருபக்கம் விஞ்ஞானம், மறுபக்கம் மூடநம்பிக்கை. நானும் ஒன்பதாம் வகுப்பில் அப்படித்தான் படித்தேன். ஆனால் பீஃப் டீயில் அப்படி என்ன இருந்தது? இறைச்சியின் புரதம் பெரும்பாலும் சக்கையிலேயே நின்றுவிடும். சாற்றில் வருவது உப்பும் ருசியும் கொஞ்சம் சத்தும்தான். இது பிற்காலத்துக் கண்டுபிடிப்பும் இல்லை. 1859-இல் வெளிவந்த தன் செவிலியர் நூலிலேயே ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், அரை பைன்ட் பீஃப் டீயில் திடமான சத்து ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது என்று எச்சரித்திருக்கிறார். (கொஞ்சம் தேற்றும் குணம் உண்டு என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.) ஐம்பது வருஷம் கழித்தும் டர்பன் டாக்டர் அந்தக் கிண்ணத்தை நம்பினார். காந்தி குனேயின் தண்ணீர் வைத்தியத்தை நம்பினார். கஸ்தூரிபா தன் அப்பன் வீட்டு ஆசாரத்தை நம்பினார். அந்த அறையில் நம்பிக்கை இல்லாத ஆள் யாரும் இல்லை.

காந்தி கஸ்தூரிபாவிடம் போய்க் கேட்டார். கேட்கிற நிலையில் அவர் இல்லை, ஆனாலும் கேட்பது தன் கடமை என்று நினைத்ததாக எழுதுகிறார். நீ என்னைப் பின்பற்ற வேண்டியதில்லை என்றார். மருந்தாக இறைச்சியும் மதுவும் எடுத்துக்கொண்ட இந்து நண்பர்களை உதாரணம் காட்டி வாதாடியும் பார்த்தார். கஸ்தூரிபா அசையவில்லை. இந்த உடம்பைக் கெடுத்துக்கொள்வதைவிட உங்கள் மடியில் செத்துப்போகிறேன், உடனே இங்கிருந்து கூட்டிப்போங்கள் என்றார்.

வெளியே தூறல். ஃபீனிக்ஸ் அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். ரயிலில் போய் இறங்கி இரண்டரை மைல் நடக்க வேண்டும். ஒரு தூளி, ஒரு பாட்டில் சூடான பால், ஒரு பாட்டில் வெந்நீர், தூக்க ஆறு பேர் என்று வெஸ்ட்டுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்புகிறார் காந்தி. கடவுளை நம்பித்தான் கிளம்பினேன் என்று எழுதுகிற அதே மனிதர் வெந்நீர் பாட்டிலை மறக்கவில்லை. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஸ்டேஷன் வரை ரிக்ஷா. பிளாட்பாரத்துக்குள் ரிக்ஷா போகாது என்பதால் எலும்பும் தோலுமாக இருந்தவரைக் கையில் ஏந்தி நடந்து பெட்டியில் படுக்கவைத்தார். வழியில் ஆறுதல் சொன்னவர் கஸ்தூரிபாதான்: எனக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்.

ஃபீனிக்ஸில் மெல்ல மெல்லத் தேறினார். இரண்டு மூன்று நாளில் ஒரு சுவாமிஜி வந்து, மருந்துக்கு மாமிசம் சாப்பிடலாம் என்று மனுவிலிருந்து மேற்கோள் அடுக்கினார். கஸ்தூரிபாவுக்குச் சாஸ்திரம் எதுவும் தெரியாது. விவாதம் பண்ண வேண்டுமென்றால் என் கணவரோடும் பிள்ளைகளோடும் பண்ணுங்கள், நான் முடிவெடுத்தாகிவிட்டது என்று சுவாமிஜியை நிறுத்திவிட்டார். டாக்டர், கணவர், சாமியார் மூன்று பேரும் வெவ்வேறு காரணம் சொல்லிக் 'குடி' என்று சொல்லக்கூடிய நிலைமையில் முடிவு அவருடையதாக இருந்தது.

அப்படித்தான் நான் நம்ப விரும்புகிறேன். ஆனால் இதெல்லாம் நமக்குத் தெரிவது காந்தி எழுதியதால். எழுதியதும் பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து. கஸ்தூரிபா தன் பக்கத்தை எழுதவில்லை, எழுதும் அளவுக்கு எழுத்துப் பழக்கமும் அவருக்கு இல்லை. வெளியே தூறிக்கொண்டிருக்க, எதிரில் நிற்கும் கணவனின் கொள்கை என்னவென்று நன்றாகத் தெரிந்த ஒரு மனைவி, வேறு பதில் சொல்லியிருக்க முடியுமா?

*

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. 1918-இல் காந்திக்குக் கடுமையான சீதபேதி. உடம்பு தேறவே இல்லை. பால் குடிக்காவிட்டால் உங்களைத் தேற்ற முடியாது என்கிறார் டாக்டர். 1912-லிருந்து பாலைத் துறந்தவர் காந்தி. அதிகமாகக் கறப்பதற்காக மாட்டை வதைக்கும் 'ஃபூக்கா' முறையைக் கேள்விப்பட்டு எடுத்த விரதம். அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கஸ்தூரிபா குறுக்கிடுகிறார்: விரதம் எடுக்கும்போது நீங்கள் நினைத்தது பசும்பாலையும் எருமைப் பாலையும்தானே, ஆட்டுப்பால் குடித்தால் என்ன?

காந்தி குடித்தார். வாழ்நாள் முழுக்க அதை நினைத்து வருந்தினார்; விரதத்தின் வார்த்தையைக் காப்பாற்றி உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற பொருளில் எழுதினார். தனக்கு வந்தபோது வளையாத கஸ்தூரிபா, புருஷனுக்கு வந்தபோது விரதத்தில் சந்து கண்டுபிடித்தார். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் 'ஒர்க்-அரவுண்ட்'. அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட எந்த வீட்டுப் பெண்ணுக்கும் இது சாதாரணம். என் மாமியார் கைக்குட்டையில் முடிந்தது இதே வகைதான்.

1924-இல் எரவாடா சிறைக் கைதியாக இருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி வந்தது. புனே சாசூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மேடாக் அறுவை செய்தார். நடுவில் மின்சாரம் போய் அரிக்கேன் விளக்கில் முடித்தார்கள். இதற்குக் காந்தி சம்மதம் தெரிவித்திருந்தார். கத்தி கூடவே கூடாது என்று சொன்னவர் இல்லை அவர்.

*

1944 புனே, ஆகாகான் மாளிகை. பெயர்தான் மாளிகை, முள்வேலி போட்ட சிறை. வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தை அடுத்து 1942 ஆகஸ்டில் காந்தியும் கஸ்தூரிபாவும் அடைக்கப்பட்டார்கள். போன ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 15 அன்று, மகாதேவ் தேசாய் திடீரென்று அங்கேயே இறந்துபோனார். கஸ்தூரிபாவுக்கு ஏற்கெனவே நாள்பட்ட மூச்சுக்குழல் நோய். பிறகு இதயமும் சேர்ந்துகொண்டது. 1944 தொடக்கத்தில் படுத்த படுக்கை. பார்த்துக்கொண்டவர்கள் சக கைதிகளான சுசீலா நய்யாரும் டாக்டர் கில்டரும். இருவருமே ஆங்கில மருத்துவர்கள். காந்தி மருந்தே கொடுக்கவிடவில்லை என்பது போல இணையத்தில் சுற்றும் கதை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

கஸ்தூரிபா தனக்கு ஆயுர்வேத வைத்தியர் வேண்டும் என்று கேட்டார். அதற்காகக் காந்தி அரசோடு கடிதச் சண்டை போட்டார். வைத்தியர் சிவ சர்மா வந்தார். ஆனால் இரவில் உள்ளே தங்க முதலில் அனுமதி இல்லை. ராத்திரி கூப்பிட்டால் ஓடிவர வேண்டுமே என்று அவர் வாசலுக்கு வெளியே காரிலேயே தூங்கினார். அவர் விரும்பும் வைத்தியத்தைத் தர முடியாவிட்டால் என்னையாவது வேறு சிறைக்கு மாற்றுங்கள், இவளுடைய வேதனைக்குக் கையாலாகாத சாட்சியாக என்னை உட்காரவைக்காதீர்கள் என்று அரசுக்கு எழுதினார் காந்தி. 1908 கடிதத்தை எழுதிய அதே ஆள்தான். இப்போது வயது 74. தத்துவத்தை எல்லாம் கடந்து, பார்க்க முடியவில்லை என்கிறார்.

வைத்தியரும் கைவிரித்தார். சிறுநீரகங்கள் நின்றுகொண்டிருந்தன, நுரையீரலில் அழற்சி. இளைய மகன் தேவதாஸ் கடைசி முயற்சியாகக் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் பென்சிலின் வரவழைத்தார்.

1944-இல் பென்சிலின் என்பது எவ்வளவு அபூர்வம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன், 1941-இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தேறிக்கொண்டு வந்தவர், மருந்து தீர்ந்துபோனதால் இறந்தார். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு அதை அவ்வளவு வேகமாக வெளியே தள்ளிவிடும். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, ராப்பகலாக, ஊசி போட வேண்டியிருந்தது. அதுவும் போர்க்காலம்; மருந்து முதலில் போர்முனைக்கு. அப்படிப்பட்ட மருந்தை ஒரு மகன் தன் அம்மாவுக்காகக் கொண்டுவந்து நிற்கிறான்.

ஊசி மூலம் ஏற்ற வேண்டும் என்று தெரிந்ததும் காந்தி வேண்டாம் என்றார். தேவதாஸ் விடவில்லை. எந்த அற்புத மருந்தும் இனி உன் அம்மாவைக் குணப்படுத்தாது, அவளை ஏன் துன்புறுத்துகிறாய், கடவுளிடம் விடு என்பதுதான் தகப்பனின் பதில். மகன் கடைசியில் விட்டுக்கொடுத்தார். 1944 பிப்ரவரி 22, சிவராத்திரி நாள், மாலை ஏழரை மணி அளவில் காந்தியின் மடியிலேயே கஸ்தூரிபாவின் உயிர் பிரிந்தது. காந்தி நூற்ற நூலில் நெய்த புடவையை உடுத்தி மறுநாள் மாளிகை வளாகத்திலேயே எரித்தார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன் அதே பிப்ரவரி 22-இல்தான் தில்லையாடி வள்ளியம்மை இறந்தார். 1913-இல் இருவரும் ஒரே மாரிட்ஸ்பர்க் சிறையில் இருந்தவர்கள். நோயில் கிடந்த அந்தப் பெண்ணிடமும், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டிருக்கிறார். கேட்பது அவருக்கு வழக்கம். 1902-இல் பம்பாயில், டைபாய்டில் கிடந்த பத்து வயது மணிலாலிடம்கூட, டாக்டர் சொன்ன முட்டையும் கோழி சூப்பும் வேண்டுமா என்று கேட்டவர்.

பென்சிலின் விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் உரையாடல் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் நடந்தது. வைத்தியர் வேண்டும் என்ற கஸ்தூரிபாவின் குரல் கேட்கிறது. ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதில் அவர் குரல் இல்லை.

பென்சிலின் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? சிறுநீரகமும் இதயமும் அந்த நிலையில் இருந்த 74 வயது உடம்பு. பிழைத்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றுதான் நினைக்கிறேன். அடுத்த சில வாரங்களில் மலேரியா வந்தபோது காந்தி குயினின் சாப்பிட்டார், ஆகவே வேஷதாரி என்று மீம் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குயினினையும் அவர் முதலில் மறுத்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார். சாகிற உடம்பைக் கடைசி நாளில் குத்திக்கொண்டே இருக்க வேண்டாம் என்பது இன்று பல டாக்டர்களே சொல்லும் விஷயம்.

என்னை உறுத்துவது வேறு. பின்னால் காந்தி சொன்னதாகச் சுசீலா நய்யார் பதிவு செய்திருக்கிறார்: பென்சிலின் அவளைக் காப்பாற்றியிருக்காது, ஆனால் அனுமதித்திருந்தால் என் நம்பிக்கை திவாலாகியிருக்கும். திவால் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். கணக்கு அவருடையது. நோய் கஸ்தூரிபாவுடையது. 1909-இல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் அவர். என்னால் அனுமதி தர முடியாது, ஆனால் அவளைக் கேளுங்கள் என்று தொலைபேசியில் சொன்னவர். 35 வருஷத்தில் அந்த இடைவெளி எங்கே போனது? 62 வருஷம் சேர்ந்து வாழ்ந்ததில் கேட்காமலே தெரியும் என்றாகிவிட்டதா? இருக்கலாம். நானும் அப்படித்தானே நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். நான் கடவுளை நம்பவில்லை, ஐந்து நிமிஷம் முன்பு வரை முகமே தெரியாத ஒரு சர்ஜனை நம்பினேன். அவள் பிழைத்தாள், என் நம்பிக்கை சரியானது. கேட்காததில் மட்டும் வித்தியாசம் இல்லை.

*

டர்பன் அத்தியாயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மா வேற என்ன சொல்லியிருக்கும்? எதுத்தாப்புல நிக்கிறது காந்தியாச்சே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனாலும் கேட்டாருல்ல" என்றாள்.

"அன்னிக்கு நான் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

"தெரியல. வலில 'நீயே போட்டுத் தொலை'ன்னுதான் சொல்லியிருப்பேன். அத நான் சொல்லியிருக்கணும்."

கைக்குட்டை முடிச்சு இப்போது மஞ்சள் தடவி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. எப்போது சமயபுரம் வருகிறீர்கள் என்று அத்தை வாராவாரம் போனில் கேட்கிறார். பொங்கலுக்குத் திருச்சி போகும்போது போகலாம் என்று இருக்கிறோம். போவதா வேண்டாமா என்று இந்தமுறை அவளைக் கேட்டுவிட்டேன். போகலாம் என்றாள், காசு அந்த செக்யூரிட்டி அண்ணனோடது, அவர் பேர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.